மணலில் புதைத்த கார்

குற்றம் செய்த மனிதனைத் தண்டிப்பது எல்லா தேசத்திலும் உள்ள வழக்கம். ஓர் ஆளைக் கொன்றுவிட்டது என்பதற்காக ஒரு மோட்டார் காரைக் குழி வெட்டிப் புதைத்தார்கள் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் 1927-ம் வருஷத்தில், வேல்ஸ் நாட்டில் பென்டைன் என்ற கடற்கரைக் கிராமத்தில் அப்படித்தான் நடந்தது. காரின் பெயர் ‘பாப்ஸ்’. குழந்தைக்கு இடுகிற செல்லப் பெயர் மாதிரி இருக்கிறது. அந்தக் குழந்தையின் வயிற்றில் இருந்ததோ ஆகாய விமானத்துக்காகச் செய்த எஞ்சின்.

எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. மோட்டார்ப் பந்தயங்களின் சரித்திரத்தை நான் விரும்பிப் படிப்பது அதில் வருகிற மனிதர்களுக்காக. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அங்கே கிடைக்கிற பாத்திரங்கள் வேறு இடத்தில் சுலபமாகக் கிடைப்பதில்லை. பாப்ஸின் கதையில் அப்படி இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் கோடீசுவரப் பிள்ளை. மற்றவர் பாதிரியாரின் மகன்; எஞ்சினீயர். பிள்ளை கட்டிய வண்டியை எஞ்சினீயர் விலைக்கு வாங்கினார்.

கதை நடக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1907-ல் இங்கிலாந்தின் ரோடுகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் வண்டி ஓட்டுவது சட்ட விரோதம். வேகமாக ஓட்ட ஆசைப்பட்டவர்கள் எங்கே போவார்கள்? ஸர்ரே ஜில்லாவில் வேபிரிட்ஜ் ஊருக்குப் பக்கத்தில் லாக் கிங் என்ற நிலச்சுவான்தார் தம் சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தைப் போட்டு, இரண்டே முக்கால் மைல் சுற்றளவில் ஒரு சிமெண்டுப் பாதை அமைத்தார். புரூக்லண்ட்ஸ் என்று அதற்குப் பெயர். வளைவுகளில் வண்டி வெளியே தூக்கி எறியப்படாமல் இருப்பதற்காகப் பாதையைச் சாய்த்து, வெளி விளிம்பை ஏறக்குறைய முப்பதடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நம் ஊர்க் கோயில் மதில் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சரிவில் மோட்டார் ஓட வேண்டும்.

1913 பிப்ரவரியில் பெர்ஸி லாம்பெர்ட் என்ற இளைஞன் இந்தப் பாதையில் ஒரே மணி நேரத்தில் 103 மைலுக்கு மேல் ஓட்டினான். ஒரு மணி நேரத்தில் நூறு மைலைக் கடந்த முதல் மனிதன் அவன்தான். அதே வருஷம் அக்டோபரில் அதே பாதையில் இறந்தும் போனான். அவனுடைய காரின் எஞ்சின் நாலரை லிட்டர். இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

லிட்டர் என்பது எஞ்சினின் வயிற்று அளவு. நம் தேசத்தில் பல வருஷங்கள் ராஜாவாக ஓடிய அம்பாஸிடர் காருக்கு ஒன்றரை லிட்டர் எஞ்சின் இருந்தது. நாலு சிலிண்டரும் சேர்ந்து ஒன்றரை லிட்டர். அதில் மந்திரிகளும் கலெக்டர்களும் போனார்கள். ஏழு பேர் கொண்ட கல்யாணக் கோஷ்டிகளும் போயின. இப்போது யோசித்துப் பாருங்கள். 1921-ல் புரூக்லண்ட்ஸுக்கு வந்து சேர்ந்த ஒரு காருக்கு எஞ்சின் 23 லிட்டர். ஆறே சிலிண்டர். அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டரை அம்பாஸிடர் அடங்கும்.

இந்தப் பூதம் எங்கிருந்து வந்தது? யுத்தத்திலிருந்து வந்தது. 1914-ல் ஆரம்பித்த பெரிய சண்டைக்காக விமான எஞ்சின்களை ஆயிரக்கணக்கில் செய்து குவித்தார்கள். அமெரிக்காக்காரர்கள் 1917-ல் ‘லிபர்டி’ என்ற எஞ்சினை வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, ஒரு வாரத்துக்குள் வரைந்து முடித்தார்கள். அதில் இருபதாயிரத்துக்கு மேல் தயாரானது. 1918 நவம்பரில் சண்டை ஓய்ந்தது. இவ்வளவு எஞ்சினையும் என்ன செய்வது? கலியாணம் முடிந்த மறுநாள் பந்தல் சாமான் மாதிரி விலை மலிந்துவிட்டது. தோற்றுப்போன ஜெர்மனியின் எஞ்சின்களும் கூடவே சந்தைக்கு வந்தன.

விமான எஞ்சினுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அது மெதுவாகத்தான் சுற்றும். காற்றாடியை அளவுக்கு மீறி வேகமாகச் சுழற்றினால் காற்றைப் பிடித்துத் தள்ளும் சக்தி போய்விடும். ஆகையால் நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து எழுநூறு சுற்று போதும் என்று வைத்திருந்தார்கள். சுற்று குறைவு, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் யானை பலம். அதைக் காரில் வைத்தால் எஞ்சின் பதற்றப்படாமல், அதே சமயம் சக்கரம் பறக்கும்படியாகக் கியரை அமைக்க வேண்டும். சக்கரத்தின் விட்டம் மூன்றடி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 170 மைல் வேகத்தில் அது நிமிஷத்துக்கு ஆயிரத்து அறுநூறு தடவை சுற்றும். கிட்டத்தட்ட எஞ்சினுக்கு ஒரு சுற்று, சக்கரத்துக்கு ஒரு சுற்று. அவ்வளவு பலத்தை எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குக் கொண்டு போக அன்றைக்குப் பலர் நம்பியது சங்கிலியை. சைக்கிளில் இருக்கிற மாதிரிதான், ஆனால் தடிமன் எத்தனையோ மடங்கு. வண்டிக்கு இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்று. ஓட்டுகிறவன் நடுவில் உட்காருவான்.

23 லிட்டர் காரைக் கட்டியவன்தான் நான் முதலில் சொன்ன பிள்ளை. லூயி ஸ்பரோவ்ஸ்கி என்று பெயர். 1895-ல் லண்டனில் பிறந்தவன். தகப்பன் போலந்து வம்சத்துப் பிரபு என்ற பட்டத்தோடு மோட்டார்ப் பந்தயங்களில் சுற்றியவர். 1903 ஏப்ரல் முதல் தேதி, பிரான்ஸில் நீஸ் நகருக்குப் பக்கத்தில் லா தூர்பி மலைப் பந்தயத்தில் வண்டி பாறையில் மோதி மாண்டுபோனார். சட்டையின் மணிக்கட்டில் போட்டிருந்த தங்கப் பித்தான் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியில் மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்று கதை. பிள்ளைக்கு அப்போது எட்டு வயது. தாயார் நியூயார்க்கில் பெரிய நிலபுலங்கள் உள்ள ஆஸ்டர் குடும்பத்துச் சந்ததி. அவளும் 1911-ல் காலமானாள். பதினாறாவது வயதில் பையனிடம் வந்து சேர்ந்தது கான்டர்பரிக்கு அருகே ஹைகாம் என்ற மாளிகையும், மன்ஹாட்டனில் நிலங்களும், கேட்க ஆளில்லாத பணமும்.

இப்படிப்பட்ட பிள்ளை குடிக்கலாம், சூதாடலாம். இவன் கொட்டகை போட்டுக்கொண்டு எண்ணெய்க் கையோடு வண்டி கட்டினான். காப்டன் காலப் என்ற கெட்டிக்கார எஞ்சினீயர் கூட இருந்தார். செப்பெலின் ஆகாயக் கப்பல்களுக்கு எஞ்சின் செய்துகொண்டிருந்த மேபாக் கம்பெனியின் 23 லிட்டர் எஞ்சினை, பழைய மெர்ஸிடிஸ் கார் ஒன்றின் அடிச்சட்டத்தை நீட்டி அதில் ஏற்றினார்கள். ‘சிட்டி பேங் பேங்’ என்று அதற்கு நாமகரணம் ஆயிற்று. நம் காதுக்குச் சிட்டுக்குருவி ஞாபகம் வரும். அங்கே அது எஞ்சின் கிளம்பும்போது எழுந்த சப்தம் என்கிறார்கள் சிலர். சிப்பாய்கள் பாடிய ஒரு கொச்சைப் பாட்டிலிருந்து வந்தது என்கிறார்கள் வேறு சிலர். 1921 ஈஸ்டர் சமயத்தில் புரூக்லண்ட்ஸில் அது முதல்முறையாக ஓடி, மணிக்கு நூறு மைலைத் தாண்டி, ஒரே நாளில் இரண்டு பந்தயங்களில் ஜயித்தது. ஸ்பரோவ்ஸ்கியும் சகாக்களும் பெரிய கட்டம் போட்ட தொப்பிகளை மாட்டிக்கொண்டு நாடகக்காரர்கள் மாதிரி வந்து இறங்கினார்கள். ஜனங்களுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அடுத்த வருஷம் அதே வண்டி டயர் வெடித்துக் கட்டுக்கடங்காமல் போய் நேரம் குறிக்கும் குடிசையின் மேல் மோதியது. உள்ளே இருந்த ஊழியர் ஒருவருக்கு விரல்கள் போயின. அந்த வண்டி பிற்பாடு ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயிலின் பிள்ளைகள் கைக்குப் போய், கடைசியில் பிரித்துப் போடப்பட்டது. வண்டி போனாலும் பெயர் போகவில்லை. ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயன் ஃப்ளெமிங் குழந்தைகளுக்காக ஒரே ஒரு புத்தகம் எழுதினார், 1964-ல் வெளிவந்தது. பறக்கும் மந்திரக் கார் ஒன்று அதில் வரும். அதற்கு அவர் இந்தப் பெயரைத்தான் வைத்தார். 1968-ல் சினிமாவாகவும் வந்தது. டெலிவிஷனில் அந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டுகிற குழந்தைகளுக்கு விரல் போன ஊழியரைப் பற்றித் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அந்தக் காலத்துப் பைத்தியம் ஸ்பரோவ்ஸ்கியோடு நிற்கவில்லை. எல்ட்ரிஜ் என்று இன்னொரு பேர்வழி. ஒரு பழைய ஃபியட் காரை நீட்டி, 21 லிட்டருக்கு மேற்பட்ட விமான எஞ்சினை அதில் திணித்தார். 1924 ஜூலையில் அதை பிரான்ஸுக்குக் கொண்டுபோய், ஆர்ப்பஜோன் என்ற ஊரில் நேரான ரோடு ஒன்றில் டெலாஜ் கம்பெனியின் காரோடு போட்டி போட்டார். எல்ட்ரிஜ் முந்தினார். டெலாஜ்காரர்கள் சும்மா இருப்பார்களா? “இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியர் இல்லை, பின்னால் போகத் தெரியாத வண்டி கார் ஆகாது” என்று ஆட்சேபம் கிளப்பினார்கள். சட்டம் அப்படித்தான் இருந்தது. எல்ட்ரிஜ் சில நாட்களில் ஏதோ ஒட்டுப்போட்டு, வண்டி பின்னால் நகரும்படி செய்துகொண்டு திரும்பி வந்தார். மணிக்கு 146 மைல் ஓட்டி உலக ரிக்கார்டை எடுத்துக்கொண்டார். முன்னால் போவதில் உலகத்தை ஜயிக்க வந்தவனைப் பின்னால் போகத் தெரியுமா என்று பரீட்சை செய்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

இதற்குள் ஸ்பரோவ்ஸ்கி இன்னும் பெரிய வண்டி ஒன்றைக் கட்டியிருந்தான். ஹோட்டல் அறையில் பிறந்ததே லிபர்டி, அந்த எஞ்சின். 27 லிட்டர், 12 சிலிண்டர், 450 குதிரை சக்தி. ஒரு பழைய பென்ஸ் பந்தயக் காரின் கியர்ப்பெட்டி, இரண்டு பக்கமும் சங்கிலி. தன் மாளிகையின் பெயரையே அதற்கு வைத்தான்: ‘ஹைகாம் ஸ்பெஷல்’. அதைக் கொண்டு உலக ரிக்கார்டு செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. நிறைவேறவில்லை. 1924 அக்டோபர் 19-ந் தேதி இத்தாலியில் மோன்ஸா பந்தயத்தில் மெர்ஸிடிஸ் கார் ஓட்டியபோது மரத்தில் மோதி இறந்தான். வயது 29. தகப்பனும் மெர்ஸிடிஸ் காரில்தான் இறந்தார். அன்றைக்கு மகன் சட்டையில் இருந்தவை தகப்பனாருடைய அதே தங்கப் பித்தான்கள் என்று சொல்வார்கள். இப்படி ஒரு விஷயத்தை நான் நாவலில் எழுதினால், “ஸார், இது கொஞ்சம் அதிகப்படி” என்று பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

இனி இரண்டாவது மனிதர். பாரி தாமஸ். ரெக்ஸ்ஹாம் ஊரில் ஓர் உதவிப் பாதிரியாருக்குப் பிறந்தவர். படித்து எஞ்சினீயராகி, லாரிகள் செய்யும் லேலண்ட் கம்பெனியில் தலைமை எஞ்சினீயர் பதவிக்கு வந்தார். நம் ஊரில் பின்னால் அசோக் என்ற பெயரோடு சேர்ந்துகொண்ட அதே லேலண்ட்தான். அங்கே அவர் ‘லேலண்ட் எய்ட்’ என்று ஒரு கார் செய்தார். நேர்த்தியான கார், விலைதான் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. அதைப் பந்தயத்தில் ஓட்டிப் பார்க்கப் போனவர் பந்தயத்திலேயே தங்கிவிட்டார். பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டு, புரூக்லண்ட்ஸ் மைதானத்துக்குள்ளேயே ஒரு சிறு வீட்டில் நாய்களோடு குடியேறினார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. உடம்பில் எப்போதும் பூ வேலை போட்ட ஒரு கம்பளிச் சட்டை. பந்தயம் முடிந்தால் பட்டறை, பட்டறை முடிந்தால் வரைபட மேஜை.

எனக்கு ஸ்பரோவ்ஸ்கியைப் புரிந்துகொள்வதில் சிரமமே இல்லை. பணம் இருந்தது, பெற்றவர்கள் இல்லை, வயது இருந்தது. தாமஸைத்தான் பல நாள் யோசித்திருக்கிறேன். கணக்குத் தெரிந்த மனிதர். ஒரு திருகாணி எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிந்தவர். எல்ட்ரிஜ் மாதிரி கோமாளித்தனமோ, பிரபு மாதிரி தொப்பியோ கிடையாது. இப்படிப்பட்டவர் ஸ்பரோவ்ஸ்கியின் சொத்திலிருந்து ஹைகாம் ஸ்பெஷலை விலைக்கு வாங்கினார். கொடுத்த தொகை 125 பவுன். உலகத்தையே ஜயிக்கக்கூடிய வண்டி, ஆனால் பழைய சாமான் விலை. பிஸ்டன்களைத் தாமே புதிதாக வரைந்து மாற்றினார். நாலு கார்புரேட்டர்களைப் பொருத்தினார். மேல்கூட்டைக் காற்றுக்கு வழிவிடும்படி வழவழப்பாக்கினார். ‘பாப்ஸ்’ என்று பெயர் மாற்றினார். எல்லாவற்றையும் மாற்றினார்; சங்கிலியை மட்டும் மாற்றவில்லை. மாற்ற வேண்டுமானால் வேறு வண்டிதான் கட்ட வேண்டும். அதற்குப் பணம் இல்லை.

அப்போதெல்லாம் ரிக்கார்டு பிடிக்கும் இடம் புரூக்லண்ட்ஸ் அல்ல. அந்த வேகத்துக்கு அது போதாது. பென்டைனில் அலை பின்வாங்கியதும் ஏழு மைல் நீளத்துக்கு ஈர மணல் கெட்டியாகக் கிடக்கும். மால்கம் காம்ப்பெல் என்பவர் 1925 ஜூலையில் அங்கேதான் மணிக்கு 150 மைலைத் தாண்டினார். 1926 மார்ச்சில் ஸீக்ரேவ் என்பவர் நாலே லிட்டர் சன்பீம் காரில் 152 மைல் ஓட்டினார். ஸீக்ரேவின் கார் கடிகாரம் மாதிரி நுணுக்கமானது. மறுமாதமே, ஏப்ரல் 27-ந் தேதி, தாமஸ் தம் பழைய இரும்புப் பூதத்தைப் பென்டைன் மணலில் இறக்கினார். 169 மைல். மறுநாளும் ஓட்டினார். 171 மைல். ஒரு நொடிக்கு 250 அடி. காற்று உதவி செய்ததா இல்லையா என்ற தகராறு வராமலிருக்க, ரிக்கார்டு என்றால் போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். நுணுக்கத்தை முரட்டுத்தனம் பத்தொன்பது மைல் வித்தியாசத்தில் தோற்கடித்தது. அதைச் செய்தவர் நுணுக்கமே தொழிலாகக் கொண்ட எஞ்சினீயர் என்பதுதான் வேடிக்கை.

ரிக்கார்டு ஒன்பது மாதம் அவரிடம் இருந்தது. 1927 பிப்ரவரி 4-ந் தேதி காம்ப்பெல் அதே மணலில், நேப்பியர் விமான எஞ்சின் வைத்த தம் ‘ப்ளூ பேர்டி’ல் 174 மைலுக்கு மேல் ஓட்டிவிட்டார். அதோடு, ஸீக்ரேவ் இரண்டு விமான எஞ்சின்களை ஒரே வண்டியில் வைத்து, அமெரிக்காவில் டேடோனா கடற்கரைக்குக் கிளம்பும் ஏற்பாட்டில் இருந்தார். அது ஓடினால் இருநூறு மைலைத் தாண்டும் என்பது மோட்டார் உலகம் முழுவதற்கும் தெரியும். தாமஸுக்கும் தெரியும். ஸீக்ரேவ் ஓடுவதற்குள் காம்ப்பெலிடமிருந்து ரிக்கார்டைத் திரும்பப் பெற்றால் சில வாரங்கள் அதை வைத்திருக்கலாம். அவ்வளவுதான் லாபம். நாலு மைல் வேகம், சில வாரங்கள். கணக்குத் தெரிந்த மனிதர் இந்தக் கணக்கைப் போடாமலா இருந்திருப்பார்? போட்டுத்தான் இருப்பார். போட்டுவிட்டும் போனார். பிரபுவின் பிள்ளைக்கும் பாதிரியாரின் பிள்ளைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாமல் போவது இந்த ஓர் இடத்தில்தான்.

மார்ச் 3-ந் தேதி பாப்ஸ் மணலில் ஓடியது. நல்ல வேகத்தில் வந்துகொண்டிருக்கும்போதே தடுமாறி, புரண்டு, சறுக்கிக்கொண்டு போய் நின்றது. ஓடிப்போனவர்கள் பார்த்தபோது தாமஸ் உயிரோடு இல்லை. தலையில் பயங்கரமான காயம். நிலத்தில் வேக ரிக்கார்டுக்காக முயன்று உயிர் விட்ட முதல் மனிதர் அவர்தான். வலப் பக்கத்துச் சங்கிலி அறுந்து சவுக்கு மாதிரி வீசித் தலையில் அடித்தது என்று பேச்சு பரவியது. பேச்சு அப்படியே சரித்திரமாகிவிட்டது.

விசாரணை முடிந்தது. தாமஸின் உடலைப் புரூக்லண்ட்ஸுக்கு அருகே பைஃப்லீட் ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பாப்ஸைப் பென்டைனிலேயே, கடற்கரை மணல் மேட்டில், பெரிய குழி தோண்டி இறக்கி மூடினார்கள். யாரும் அதை இனி ஓட்டக்கூடாது. விலை பேசி இரும்பாக விற்கவும் கூடாது. சிநேகிதர்களின் மனசு நமக்குப் புரிகிறது. மாலை மாலையாகக் கண்ணெதிரே நிற்கிற வண்டியை அவர்களால் எப்படிப் பார்க்க முடியும்?

அதே மார்ச் 29-ந் தேதி ஸீக்ரேவ் டேடோனாவில் 203 மைல் ஓட்டினார். காம்ப்பெலின் ரிக்கார்டு இரண்டு மாதம்கூடத் தங்கவில்லை. தாமஸ் ஒருவேளை ஜயித்திருந்தாலும் அது இருபத்தாறு நாள்தான் நின்றிருக்கும்.

பெரிய எஞ்சின் பைத்தியம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. அமெரிக்காவில் மூன்று லிபர்டி எஞ்சின்களை ஒரே சட்டத்தில் பூட்டி, 81 லிட்டரில் ‘ட்ரிப்ளெக்ஸ்’ என்று ஒன்று செய்தார்கள். 1928-ல் ரிக்கார்டு பிடித்தது. 1929-ல் ஓட்டியவரையும் படம் பிடிக்க நின்ற ஒருவரையும் கொன்றது. தாமஸோடு வேலை செய்த ரெய்ட் ரெய்ல்டன், பின்னால் இரண்டு நேப்பியர் எஞ்சின்களை வைத்து ஜான் காப் என்பவருக்கு ஒரு கார் கட்டிக்கொடுத்தார். 1947-ல் அது 394 மைல் ஓடியது. அதில் தொங்கும் சங்கிலிகள் கிடையாது.

பாப்ஸ் மண்ணுக்குள் கிடந்தது. அந்த இடம் ராணுவத்தின் ஆயுதப் பரிசோதனை எல்லைக்குள் போய்விட்டது. 1969-ல் பாங்கர் நகரத் தொழிற் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஓவன் வின் ஓவன் என்பவர் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து தோண்டினார். இதை முதலில் படித்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. புதைத்ததைத் தோண்டுவதா? நம் ஊரில் சம்மதிப்பார்களா? ஆனால் பாப்ஸ் மண்ணுக்குள் போனது மரியாதைக்காக மாத்திரம் அல்ல. அதன் தலையில் ஒரு பழியும் இருந்தது. சங்கிலிதான் கொன்றது என்று நாற்பத்திரண்டு வருஷமாக ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. குற்றவாளி எதிரே நின்று பதில் சொல்ல வழியில்லை. வெளியே எடுத்து, உப்பும் ஈரமும் தின்றது போக மிச்சம் இருந்ததை ஆராய்ந்த பிறகு, சங்கிலிக் கதை பலரிடம் எடுபடவில்லை. பின் சக்கரம் ஒன்று முதலில் உடைந்திருக்கலாம். வண்டி புரண்டபோது பட்ட அடியே உயிரை எடுத்திருக்கலாம். அது முழுத் தீர்ப்பு அல்ல. சந்தேகத்தின் பலன், அவ்வளவுதான். என் ஓட்டு ஓவனுக்கு.

அவர் அவசரப்படவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல், ஓய்வு நேரங்களில், துரு எடுக்கக்கூடியதற்குத் துரு எடுத்து, செய்யவேண்டியதைப் புதிதாகச் செய்து, வண்டியை மறுபடி எழுப்பி நிறுத்தினார். 27 லிட்டர் லிபர்டி திரும்பவும் உறுமியது.

2015-ல் இட்ரிஸ் எல்பா என்ற சினிமா நடிகர் பென்டைன் மணலில் ஒரு பென்ட்லி காரை ஓட்டினார். கடையில் பணம் கொடுத்தால் கிடைக்கிற கார். ஆறு லிட்டர் எஞ்சின். மணிக்கு 180 மைல் போயிற்று. தலையில் ஹெல்மெட்டும், உடம்பைப் பிணைக்கும் பட்டைகளும், மேலே இரும்புக் கூரையும் இருந்தன. பாப்ஸைக் கோடைக் காலங்களில் அதே ஊரில், வேக மியூசியத்தில் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கமாக இருந்தது. ஓட்டுகிறவனின் இருக்கைக்கு இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்றாகச் சங்கிலிகள் இருக்கின்றன.